மாடஸ்டி பிளைசியின் உண்மையான முடிவு எது? நாளிதழிலா, சிறுகதையிலா?

#1 பரண்வாசி

நண்பர்களுக்கு வணக்கம். முதலிலேயே ஓர் எச்சரிக்கை: இந்த இழையில் மாடஸ்டி கதைகளின் முடிவுகள் ஒளிவுமறைவின்றிப் பேசப்படும். 'கோப்ரா ட்ராப்' தொகுப்பை இனிமேல்தான் படிக்க வேண்டும் என்றிருப்பவர்கள் இங்கேயே திரும்பிவிடுவது நல்லது.

1963 மே 13 அன்று லண்டனின் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' மாலை நாளிதழில் தொடங்கியது, குற்றக் கும்பலின் தலைவியாக இருந்து விலகி, தோழன் வில்லி கார்வினுடன் சாகசங்களில் இறங்கும் மாடஸ்டியின் இந்தச் சித்திரத்தொடர்; 2001 ஏப்ரல் 11 வரை ஏறத்தாழ 38 ஆண்டுகள் ஓடியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தினசரி ஸ்ட்ரிப்புகள் (ஒரு நாளுக்குரிய படக்கட்ட வரிசைகள்) வெளிவந்தன. ஓவியர்கள் மாறினார்களே தவிர, தொடக்கம் முதல் கடைசிவரை கதாசிரியர் பீட்டர் ஓ'டானல் ஒருவரே. அந்தத் தொடரின் கடைசிக் கதையான 'தி ஸாம்பி'யில் மாடஸ்டியும் வில்லி கார்வினும் உயிரோடும் நலமாகவும் நம்மிடமிருந்து விடைபெறுகிறார்கள். ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1996இல் வெளிவந்த 'கோப்ரா ட்ராப்' சிறுகதைத் தொகுப்பின் கடைசிக் கதையில், 52 வயது மாடஸ்டி துப்பாக்கிச் சண்டையில் உயிர்விடுகிறாள்; அவளுக்குப் பின்னாலேயே வில்லியும் போய்விடுகிறான்.

இரண்டையும் எழுதிய கை ஒன்றே. எனில் எதை நாம் முடிவு என்று கொள்வது? என் கட்சியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: மாடஸ்டி நாளிதழில் பிறந்தவள், நாவல், சிறுகதை, திரைப்படம் யாவும் அந்த மரத்தில் பின்னர் கிளைத்தவை. கிளையில் நடப்பதை வைத்து வேருக்குச் சாவுச் சான்றிதழ் எழுதக் கூடாது.

#2 இரவல்புத்தகம்

பரண்வாசி அண்ணா, வேர், கிளை என்ற உவமை கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த மரத்தில் நாவல்களை வெறும் கிளை என்று ஒதுக்கிவிட முடியாது. 1965 முதல் 1985 வரை பதினொரு நாவல்கள், அவை தவிர இரண்டு சிறுகதைத் தொகுப்புகள். சித்திரத்தொடரைக் கண்ணால் பாராமலே நாவல்களை மட்டும் படித்து மாடஸ்டியை நேசித்தவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நானே அப்படி வந்தவள்தான். கல்லூரி நாட்களில் இரவல் வாங்கிய 'எ டேஸ்ட் ஃபார் டெத்' நாவலில் தொடங்கி, அதன்பிறகே டைட்டன் நிறுவனத்தின் மறுபதிப்புத் தொகுதிகளுக்கு வந்தேன்.

நாவலில் கிடைத்து ஸ்ட்ரிப்பில் கிடைக்காதது ஒன்று உண்டு: அச்சம். ஸ்ட்ரிப்பில் மாடஸ்டி எப்போதும் வெளியிலிருந்து பார்க்கப்படுகிறாள். அவள் முகத்தில் கலக்கம் தெரிவது அரிது. நாவலிலோ, சண்டைக்கு முன் அவள் எப்படி மூச்சைச் சீராக்குகிறாள், வலியை எந்த மூலையில் ஒதுக்கி வைக்கிறாள், எல்லாம் முடிந்தபின் வில்லியின் தோளில் சாய்ந்து எப்படி ஒருமுறை அழுது தீர்த்துக்கொள்கிறாள் என்பதெல்லாம் உள்ளிருந்து சொல்லப்படுகிறது. சாகக்கூடிய ஒருத்தியாக அவளை ஓ'டானல் எழுதியது நாவல்களில்தான். ஆகவே அவள் சாகும் உரிமையும் அங்கேதான் இருக்கிறது என்பது என் வாதம். மூளையில் கட்டி வளர்ந்து நாட்கள் எண்ணப்பட்டுவிட்ட நிலையில், ரயிலில் தப்பிச் செல்லும் நண்பர்களுக்காகத் துரத்தி வருவோரைத் தனியே தடுத்து நிற்கிறாள். அந்தக் கதாபாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான இறுதியை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

#3 மைக்கோடு

நான் ஓவியம் பயின்றவன். எனவே தூரிகைப் பக்கமிருந்து ஒரு கருத்தை வைக்கிறேன்.

நாளிதழ் ஸ்ட்ரிப் என்பது பெரும்பாலும் மூன்று கட்டங்கள். முதல் கட்டம் நேற்று நடந்ததை நினைவூட்ட வேண்டும், இரண்டாவது கதையை ஓரடி நகர்த்த வேண்டும், மூன்றாவது நாளை மாலையும் பத்திரிகை வாங்கவைக்க வேண்டும். இந்த மூன்று கட்டங்களுக்குள் உரையாடல் பலூன்களுக்கும் இடம் விட்டு, ஒரு சண்டைக்காட்சியைத் தெளிவாக வரைவது எத்தனை கடினம் என்பது முயன்றவர்களுக்குத் தெரியும். தொடரின் முதல் ஓவியரான ஜிம் ஹோல்டவே அதை எப்படிச் சமாளித்தார் என்று பாருங்கள். பின்னணியை முழுக் கறுப்பில் மூழ்கடித்துவிட்டு, அதன் நடுவில் மாடஸ்டியின் கழுத்தும் உயர்த்திக் கட்டிய கொண்டையும் மட்டும் வெள்ளையாகத் தெரியவைப்பார். நாம் பார்க்காத முக்கால்வாசி அறையையும் நம் மனமே வரைந்து கொள்ளும். மலிவான செய்தித்தாளில், மை சற்றே பரவி அச்சாகும் என்பதைக் கணக்கில் வைத்து வரைந்த கை அது.

இனி வாதத்துக்கு வருகிறேன். 1970இல் 'வார்லார்ட்ஸ் ஆஃப் ஃபீனிக்ஸ்' கதை பாதியில் இருக்கும்போதே ஹோல்டவே இறந்துபோனார். பார்சிலோனாக்காரரான என்ரிக் படியா ரொமெரோ அந்தக் கதையை நடுவழியில் ஏற்றார். தொடக்கத்தில் ஹோல்டவேயின் சாயலை விடாமல் பிடித்துக்கொள்ள அவர் முயன்றது தெரிகிறது. 1978இல் 'ஆக்ஸா' என்ற வேறொரு தொடருக்காக அவர் விலகவே, ஜான் பர்ன்ஸ், பேட்ரிக் ரைட் ஆகிய இருவரும் சிறிது காலம் வரைந்தார்கள். 1980 முதல் 1986 வரை நியூசிலாந்துக்காரரான நெவில் கோல்வின். பிறகு மீண்டும் ரொமெரோ, கடைசி நாள்வரை. அதாவது ஐந்து கைகளில் மாறிய முகம் அது. ஹோல்டவேயின் மாடஸ்டி யோசிப்பவள், ரொமெரோவின் மாடஸ்டி அழகி, கோல்வினின் மாடஸ்டி குறும்புக்காரி. இப்படி முகமே மாறிக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு வயது ஏறுவது எப்படி? 1963இல் இருபதுகளின் நடுவில் இருந்தவள் 2001லும் ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறாள். ஸ்ட்ரிப்பின் காலம் நாட்காட்டியின் காலம் அன்று. 52 வயது மாடஸ்டி என்ற ஒருத்தி ஸ்ட்ரிப்பில் இருக்கவே முடியாது.

ஆகவே பரண்வாசி, இரவல்புத்தகம் இருவர் சொல்வதும் சரியே என்று மழுப்பப் போவதில்லை. நான் பரண்வாசியின் கட்சி. ஆனால் காரணம் வேறு.

#4 கொங்கோ63

கிளைகளைப் பற்றிப் பேசுவதென்றால் பட்டுப்போன கிளைகளையும் பேசிவிடுவோமே.

1966இல் ஜோசப் லோசி இயக்கிய திரைப்படத்தில் மாடஸ்டியாக மோனிகா விட்டி, வில்லியாக டெரன்ஸ் ஸ்டாம்ப், வில்லன் கேப்ரியலாக டர்க் போகார்ட் நடித்தார்கள். ஆளுக்கு ஆள் பெரிய பெயர்கள். படமோ, எதைக் கேலி செய்கிறோம் என்று தெரியாமல் எல்லாவற்றையும் கேலி செய்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மாடஸ்டியும் வில்லியும் காதல் பாட்டு ஒன்றைச் சேர்ந்து பாடுகிறார்கள்! இந்தத் தொடரின் மையத்தில் உள்ள ஒரே சட்டம் அவர்கள் காதலர்கள் அல்லர் என்பது. ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்பார்கள், ஆனால் படுக்கையைப் பகிர்ந்துகொள்ள மாட்டார்கள். அந்தச் சட்டத்தை மீறியபின் மிச்சம் எத்தனை வண்ணமயமாக இருந்து என்ன பயன்?

இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. படத்துக்கு முதலில் திரைக்கதை எழுதியவர் ஓ'டானல்தான். அது பலர் கைகளில் திருத்தப்பட்டுத் திருத்தப்பட்டு, தாம் எழுதியதில் ஒரே ஒரு வரிதான் மிஞ்சியது என்று அவர் சொல்லியிருக்கிறார். கைவிடப்பட்ட தம் திரைக்கதையை அவர் நாவலாக்கினார்; படம் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டே, 1965இல், அது வெளிவந்தது. அதாவது இரவல்புத்தகம் கொண்டாடும் அந்த நாவல் வரிசை முழுவதும் ஒரு மோசமான படத்துக்கு நாம் செலுத்த வேண்டிய நன்றிக்கடன்.

1982இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ஆன் டர்கெலை வைத்து எடுத்த முன்னோட்டப் படம் தொடராக வளரவில்லை. 2004இல் இயக்குநர் டாரண்டினோவின் பெயரை முன்னால் வைத்து 'மை நேம் இஸ் மாடஸ்டி' வந்தது. 18 நாட்களில், புக்கரெஸ்டில் படம்பிடித்தது. பெரும்பகுதி ஒரே சூதாட்ட விடுதிக்குள் நடப்பது. அலெக்சாண்ட்ரா ஸ்டேடன் நடித்த இளம் மாடஸ்டியிடம் ஓர் அமைதி இருக்கிறது. மூவரில் அவரே அருகில் வந்தவர் என்பேன். ஆனால் வில்லி கார்வினே இல்லாத மாடஸ்டி படம்! அவர்கள் சந்திப்பதற்கு முந்தைய கதை என்பதால் அது தவறில்லை என்று வாதிடலாம். உப்பில்லாத சோற்றுக்கும் அதுபோல ஏதாவது காரணம் இருக்கத்தான் செய்யும்.

#5 பரண்வாசி

கொங்கோ63 அவர்களே, டாரண்டினோ என்றதும் நினைவுக்கு வந்தது: 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தில் ஜான் ட்ரவோல்டா கழிவறையில் உட்கார்ந்து படிப்பது மாடஸ்டி நாவலைத்தான். திரையில் அவளுக்குக் கிடைத்த மிகச் சிறந்த வேடம் அதுவே என்று சொல்வேன்.

#6 நூலகத்தார்

இளையவர்களின் விவாதத்தை மகிழ்ச்சியோடு படித்து வருகிறேன். முடிவைப் பற்றிப் பேசுமுன் தொடக்கத்தைச் சற்று நினைவுகூர வேண்டும் என்று தோன்றுகிறது.

1942இல் ஓ'டானல் பிரிட்டிஷ் இராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவில், வட பாரசீகத்தில் இருந்தார். அவர்கள் முகாமிட்டிருந்த இடத்துக்கு அகதிச் சிறுமி ஒருத்தி தன்னந்தனியாக வந்தாள். பன்னிரண்டு வயதுக்குள்தான் இருக்கும். கையில் ஓர் ஆயுதம்: மரத்துண்டில் கம்பியால் பிணைத்த ஆணி. வீரர்கள் உணவு கொடுத்தார்கள், வழிக்கும் கொடுத்தனுப்பினார்கள். அவள் ஒருமுறை புன்னகைத்துவிட்டுத் தன் வழியே போனாள். போகும்போது ஓர் இளவரசியைப்போல நடந்து சென்றாள் என்று ஓ'டானல் பின்னாளில் எழுதினார். இருபது ஆண்டுகள் கழித்து அவர் ஒரு நாயகியைப் படைக்க நேர்ந்தபோது, அகதி முகாமிலிருந்து தப்பி, பெயர்கூட நினைவில்லாமல் நாடு நாடாக நடந்த சிறுமியாக அவளுடைய இளமைக் காலம் அமைந்ததற்குக் காரணம் அந்தப் பாரசீகச் சிறுமிதான். தாமதமாகத் தொடரை வெளியிடத் தொடங்கிய பத்திரிகைகளுக்காக, இந்தப் பூர்வகதையைப் பன்னிரண்டே ஸ்ட்ரிப்புகளில் 'இன் தி பிகினிங்' என்று 1966இல் ஹோல்டவே வரைந்து கொடுத்தார். அந்தப் பன்னிரண்டில் உள்ள சிக்கனத்தை நூறு பக்க நாவலில் நான் கண்டதில்லை.

மாடஸ்டி தன் கொண்டைக்குள் செருகி வைத்திருக்கும் கொங்கோ என்ற சிறு மரக்கட்டை ஆயுதத்தை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நம் நண்பர் ஒருவர் அதைப் பெயராகவே சூடியிருக்கிறார். அந்தக் கட்டையை எங்கே பார்த்தாலும் ஆணி பிணைத்த அந்த மரத்துண்டுதான் எனக்கு நினைவுக்கு வரும்.

வில்லி அவளை எப்போதும் 'இளவரசி' என்றே அழைக்கிறான். 1984 ஜூலையில் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தன் முதல் இதழாகவே 'கத்தி முனையில் மாடஸ்டி'யை வெளியிட்டபோது நம்மிடம் வந்தவள் அவள். இன்றுவரை தமிழ் வாசகர்கள் மாடஸ்டி என்பதைவிட இளவரசி என்றே அதிகம் சொல்கிறார்கள்.

#7 இரவல்புத்தகம்

ஐயா, நீங்கள் சொன்னதிலிருந்து எனக்கு நெடுநாளாக உள்ள ஓர் ஐயத்தைக் கேட்கிறேன். ஆங்கிலத்தில் வில்லி அவளை 'யூ' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். தமிழில் நீ என்பதா, நீங்கள் என்பதா என்று முடிவு செய்தாக வேண்டுமே? அவள் அவனுக்குத் தலைவியாக இருந்தவள். சைகோனில் சிறையிலிருந்து மீட்டு, அவனை மனிதனாக்கியவள். அந்தக் கணக்கில் நீங்கள். ஆனால் முதுகில் பாய்ந்த தோட்டாவை எடுத்துக் கட்டுப் போடுகிறவன், மௌனமாக அருகில் உட்கார்ந்திருக்கிறவன், நீங்கள் என்று தள்ளி நின்று பேசுவானா? இந்த உறவு என்ன என்பதை ஓ'டானல் 38 ஆண்டுகள் பெயரிடாமலே வைத்திருந்தார். தமிழில் முதல் பலூனிலேயே பெயரிட வேண்டியதாகிவிடுகிறது.

#8 நூலகத்தார்

மிக நல்ல கேள்வி, அம்மா. என்னிடம் விட்டால் 'இளவரசி' என்ற விளியையும் 'நீ' என்ற முன்னிலையையும் சேர்த்தே வைப்பேன். நம் மரபில் தெய்வத்தையும் அரசனையும் நீ என்றுதான் பாடியிருக்கிறோம். மரியாதை விளியில் இருந்துவிட்டால் போதும். மாறாக, மாடஸ்டியைப் பற்றி அவன் பிறரிடம் பேசும்போது 'அவர்' என்றே சொல்வான். சர் ஜெரால்ட் டாரண்ட்டைப் பொறுத்தவரை சிக்கலே இல்லை. அவர் பிரிட்டிஷ் உளவுத்துறையின் பெரியவர், எல்லோரையும் நீங்கள் என்றே சொல்லட்டும்.

வில்லியின் லண்டன் கிழக்குப் பகுதிப் பேச்சை என்ன செய்வது என்பதற்குத்தான் விடை இல்லை. வடசென்னைத் தமிழில் பேசவைத்தால் வாசகர் சிரித்துவிடுவார். செந்தமிழில் பேசவைத்தாலோ அவன் வளர்ந்த தெருவே காணாமல் போய்விடும். கல்கத்தாச் சிறையில் ஓராண்டு கிடந்தபோது கையில் இருந்த ஒரே புத்தகம் விவிலியத்தின் சங்கீதப் புத்தகம் என்பதால் அதை மனப்பாடம் செய்தவன் அவன். பொருத்தமான இடங்களில் வசனம் எடுத்துவிடுவான். அந்த இடங்களுக்கு மட்டும் பழைய தமிழ் விவிலியத்தின் நடை அச்சாகப் பொருந்தும்.

#9 கொங்கோ63

இழை திசைமாறுவதற்கு முன் மூலக் கேள்விக்குத் திரும்புகிறேன். ஒரு செய்தியை யாரும் சொல்லவில்லை. தொடர் முடிந்தபின் 2002இல், 'கோப்ரா ட்ராப்' தொகுப்பில் உள்ள 'தி டார்க் ஏஞ்சல்ஸ்' சிறுகதையை ஓ'டானலின் இசைவோடு ரொமெரோ சித்திரக்கதையாக வரைந்தார். அது சுவீடனின் 'ஏஜென்ட் எக்ஸ்9' இதழுக்காக வரைந்தது. அதாவது எழுத்தில் இறந்து, நாளிதழில் விடைபெற்ற பிறகும், அவள் ஒருமுறை சித்திரத்தில் வந்துபோனாள். காலவரிசைப்படி பார்த்தால் ரொமெரோ வரைந்த இதுதான் கடைசி. அப்படியிருக்க 1996, 2001 என்ற இரண்டு ஆண்டுகளுக்குள் மட்டும் வழக்கை அடைப்பது ஏன்?

#10 மைக்கோடு

வெளியான ஆண்டு ஒன்று, கதைக்குள் நடக்கும் காலம் ஒன்று. 'டார்க் ஏஞ்சல்ஸ்' வழக்கமான சாகசம். அதில் முடிவு என்று எதுவும் இல்லை. அதே ஓவியர், அதே பெண், இன்னொரு வேலை. முடிவு என்பதை எழுதியவர் முடிவாக எழுதியிருக்க வேண்டும். அப்படி அவர் எழுதியவை இரண்டு மட்டுமே.

இரவல்புத்தகத்தின் வாதத்தில் எனக்கு உறுத்தும் இடம் இது: 1996இல் அவளைக் கொன்ற பிறகும் ஓ'டானல் ஓய்ந்துவிடவில்லை. அடுத்த ஐந்து ஆண்டுகள் ஒவ்வொரு மாலையும் அவளுக்குப் புதிய மூன்று கட்டங்களை எழுதிக்கொண்டே இருந்தார். எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர், தாம் புதைத்த ஒருத்தியை மறுநாளே எழுப்பி வேலைக்கு அனுப்புகிறார். அவரைப் பொறுத்தவரை இவை இரண்டு தனித்தனி வீடுகள் என்பது அதிலேயே தெரிகிறது.

#11 இரவல்புத்தகம்

அல்லது, அவளுடைய சாவை எழுதி வைத்துவிட்டதால்தான் அந்த ஐந்து ஆண்டுகளை அவரால் நிம்மதியாக எழுத முடிந்ததோ? தமக்குப் பின் வேறு யாரும் மாடஸ்டியை எழுதக் கூடாது என்று விரும்பியவர் அவர். சாவைத் தம் கையாலேயே எழுதிவிடுவது அதற்குப் பூட்டுப் போடும் வேலை. நாளிதழில் பூட்டுப் போட்டால் மறுநாள் ஆசிரியரிடமிருந்து தொலைபேசி வரும். புத்தகத்தில் அந்தத் தொல்லை இல்லை.

மைக்கோடு, தனித்தனி வீடுகள் என்பதை ஏற்கிறேன். ஆனால் அப்படியானால் பரண்வாசி அண்ணாவின் வேர், கிளை உவமையும் விழுந்துவிடுகிறதே. வேர் வேறு, கிளை வேறு என்று இல்லாமல் இரண்டு மரங்கள் என்றாகிவிட்டது.

#12 பரண்வாசி

ஒப்புக்கொள்கிறேன், உவமையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கட்சியை அல்ல.

நேற்றிரவு டைட்டன் தொகுதிகளில் கடைசியான 'தி கில்லிங் கேம்' நூலை எடுத்து, 2001 ஏப்ரல் 11 ஸ்ட்ரிப்பை மீண்டும் பார்த்தேன். அந்தத் தேதியை நெடுநாள் நான் வெறும் தேதியாகவே கடந்திருக்கிறேன். ஓ'டானல் பிறந்தது 1920 ஏப்ரல் 11. தம் 81ஆவது பிறந்தநாளன்று, மாடஸ்டியையும் வில்லியையும் உயிரோடு அனுப்பி வைத்துவிட்டுப் பேனாவை மூடியிருக்கிறார். 2010 மே 3 அன்று அவர் மறையும்வரை புதிய ஸ்ட்ரிப் எதையும் எழுதவில்லை. ஒரு கதாசிரியர் தமக்குத் தாமே பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துக்கொண்ட முடிவை, வாசகனாகிய நான் மறுப்பதற்கில்லை. இரவல்புத்தகம், நீங்கள் சொன்ன பூட்டு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பூட்டிய பிறகு அவர் சாவியைக் கொண்டுபோய் வைத்த இடம் இந்த ஸ்ட்ரிப் என்று எனக்குப் படுகிறது.

#13 நூலகத்தார்

பரண்வாசி குறிப்பிட்ட பிறந்தநாள் விவரம் எனக்கும் தெரியாமல் இருந்தது, நன்றி.

என் கட்சி எது என்று தனிச்செய்தியில் இருவர் கேட்டிருக்கிறார்கள். 'கோப்ரா ட்ராப்' என்னிடம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. முதல் நான்கு கதைகளைப் பலமுறை படித்திருக்கிறேன். ஐந்தாவதை, அதாவது தலைப்புக் கதையை, நீங்களெல்லாம் இங்கே எழுதியதிலிருந்துதான் அறிகிறேன். அது தொடங்கும் பக்கத்தில் அடையாளமாகச் செருகிய பேருந்துச் சீட்டு மை மங்கி வெள்ளைத் தாளாகிவிட்டது. இன்னும் அங்கேயே இருக்கிறது.

#14 கொங்கோ63

ஐயா, முதல் பதிவில் இருந்த எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாமல் வந்துவிட்டீர்களே! மன்னிக்க வேண்டும்.

மைக்கோடு, ஹோல்டவேயிடமிருந்து ரொமெரோவுக்குக் கை மாறும் அந்தக் கதை டைட்டனின் எந்தத் தொகுதியில் இருக்கிறது?

#15 மைக்கோடு

ஆறாவது தொகுதி, 'தி ஹெல்-மேக்கர்ஸ்'. கதையை முதல்முறை படிக்கும்போது மாற்றத்தைத் தேடாதீர்கள், கதையோடு போங்கள். இரண்டாம் முறை வில்லியின் கைகளை மட்டும் பாருங்கள். ஹோல்டவே விரல்களைக் கட்டையாகவும் முடிச்சு முடிச்சாகவும் போடுவார். அவை எந்த ஸ்ட்ரிப்பில் நீளத் தொடங்குகின்றன என்று நீங்களே கண்டுபிடித்து இங்கே எழுதுங்கள். நான் குறித்து வைத்திருக்கும் எண்ணோடு ஒத்துப்பார்க்கலாம்.